விட்டுப் பார்க்கிறவர்

என் கடையின் கண்ணாடிக் கதவை அவர் ஒரு நாளும் சாத்திவிட்டு உள்ளே வந்ததில்லை. பாதி திறந்தபடி கையை எடுத்துவிடுவார். பிறகு திரும்பி நின்று, அது என்ன செய்கிறது என்று பார்ப்பார். தானாக மெல்ல வந்து சாத்திக்கொண்டால் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் வருவார். படாரென்று அடித்துக்கொண்டால், "தங்கச்சி, மேல இருக்க டப்பால எண்ணெ வத்திட்டு. ஒருநா யாரு வெரலையாவது கேக்கும், மாத்திரு" என்பார். குளிர்ந்த காற்றெல்லாம் வெளியே போகிறதே என்று எனக்கு வயிறு எரியும். பொருள் வாங்குகிற ஆளாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கண்டவர் வாயிலும் விழுந்து அந்தப் பெயர் அடிபட்டது போதும். கடையில் நான் அவருக்கு வைத்திருந்த பெயர் 'விட்டுப்பாரு அண்ணன்'. முகத்துக்கு நேராகவே சொல்லுவேன், சிரித்துக்கொள்வார்.

கடை ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் மண்ணூர். கைபேசி ஆலையில் சோதனை லைனில் நின்றவள் நான். ஆலையை மூடியபோது கையில் கொடுத்ததை வைத்து இந்தக் கடையைப் போட்டேன். முதலில் கைபேசிப் பழுது மட்டும்தான். பிறகு ரிமோட் கார், ட்ரோன் என்று ஆட்கள் கேட்டு வர ஆரம்பித்ததும் அவற்றின் உதிரிகளையும் வாங்கி வைத்தேன். வல்லக்கோட்டைப் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை ஆட்கள் கூடி, பாறை ஏறுகிற ரிமோட் காரை ஏற்றி இறக்கி விளையாடுவார்கள். அதை க்ராலர் என்பார்கள். மற்ற ரிமோட் கார்களைப் போல அது பறக்காது. நத்தை மாதிரி ஊர்ந்து, செங்குத்தான கல்லிலும் தொற்றிக்கொண்டு ஏறும்.

அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்பது வயது, தென்காசிப் பக்கத்து ஆள். பிள்ளைப்பாக்கத்தில் ஊர்க்காரர்கள் சிலரோடு ஓர் அறையில் இருந்தார். மனைவியும் மகளும் ஊரில். ஒரகடம் போகிற சாலையில், கார் கதவுகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற ஓர் ஆலையில் வேலை. முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் பூனை பிறாண்டிய மாதிரி கோடு கோடாகத் தழும்பு. கேட்டால், "தகட்டு விளிம்பு கொஞ்சும்" என்பார்.

கதவு மட்டுமில்லை, எதையும் விட்டுப் பார்ப்பதுதான் அவர் குணம். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் வந்து நிற்பார். டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன் அதன் மேல் தன் சாப்பாட்டுப் பையை வைத்து, ஆடுகிறதா என்று பார்ப்பார். மனைவியோடு பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று பாதியில் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கைபேசியை என் மேசை மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னாண்ணே, சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. திருப்பிக் கூப்பிடுதாளான்னு பாக்கேன்."

"கூப்பிடலேன்னா?"

"விட்டாத்தான தங்கச்சி தெரியும், பிடிப்பு இருக்கா இல்லியான்னு."

அந்த அம்மாள் கூப்பிடாமல் இருந்ததே இல்லை. கூப்பிட்டு விடுகிற திட்டு எனக்கே கேட்கும். இவர் அதைக் கச்சேரி கேட்கிற மாதிரி கண்ணை மூடிக் கேட்பார். மற்ற ஆண்கள் இதைச் செய்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இவர் செய்ததும் கோபம் வரத்தான் செய்தது, ஆனால் சிரித்தும்விட்டேன்.

என்னையும் ஒருமுறை விட்டுப் பார்த்தார். வாராவாரம் விடுமுறை நாளில் வந்து உட்காருகிறவர் திடீரென்று காணாமல் போனார். உடம்புக்கு ஏதாவதோ என்று பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல தங்கச்சி, நல்லாத்தான் இருக்கேன். கேப்பியான்னு பாத்தேன். கேட்டுட்ட" என்றார். போனிலேயே காய்ச்சி எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து கதவை விட்டுப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

சரி, அவர் எதற்கு வந்தார் என்று சொல்லவில்லை. தன் க்ராலருக்கு ஒரு பெட்டி வாங்க வந்தார். தீப்பெட்டி அளவு இருக்கும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ரிமோட்டில் விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு மின்சாரத்தை மோட்டாருக்கு விடுகிற பெட்டி. கடைப் பேச்சில் இ.எஸ்.சி. என்போம். ஓடுகிற காருக்கு எந்தப் பெட்டி போட்டாலும் ஓடிவிடும். க்ராலருக்கு அப்படி இல்லை. பாதிப் பாறையில் விரலை எடுத்தால் கார் அங்கேயே நிற்க வேண்டும். விரல் விட்டதும் மோட்டாரைத் தானே இறுக்கிப் பிடிக்கிற பெட்டி வேண்டும். அந்தப் பிடி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க மற்றவர்கள் ஒரு டீ குடிக்கிற நேரம் எடுப்பார்கள். இவர் ஒரு கோடைக்காலத்தையே எடுத்துக்கொண்டார்.

காரை ஏற்றிப் பார்க்க ஒரு சாய்வுப் பலகை கடையில் இருந்தது. அது அவருக்கு ஆகவில்லை. ஆலையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு தகட்டைக் கொண்டுவந்து என் மேசை மேல் சாய்த்து வைத்தார். "பாறைல எண்ணெ இருக்காதேண்ணே" என்றேன். "நான் ஏத்தப் போற பாறைல இருக்கும்" என்றார். வேறு விளக்கம் இல்லை. ஒவ்வொரு பெட்டியாக மாட்டி, காரைப் பாதி ஏற்றி, "இப்ப விடுதேன், பாரு" என்று சொல்லி விரலை எடுப்பார்.

விலை குறைந்த பெட்டியில் கார் அப்படியே பின்னால் வழுக்கி வந்து என் கால்குலேட்டர் மேல் மோதியது. இன்னொன்று ஏறத் தொடங்கும்போதே உதறியது. "சாமி வந்த மாதிரில்லா ஆடுது" என்று அதை ஒதுக்கினார். வேறொன்று வெறும் காரைப் பிடித்தது. அதன் மேல் என் கடைப் பூட்டை வைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கண்ணுக்கே தெரியாத இறக்கம். தகட்டில் பேனாவால் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்வந்து பார்த்தார், கோட்டைத் தாண்டியிருந்தது. "கள்ளப்பய" என்று அதையும் ஒதுக்கினார். கடைசியில் ஒரு பெட்டி பூட்டையும் சுமந்துகொண்டு உடும்புப் பிடியாக நின்றது.

"சரி, ரிமோட்டை அமத்து" என்றார்.

அணைத்தேன். சிக்னல் அறுந்ததும் பெட்டி தானாகவே மோட்டாரை நிறுத்தி இறுக்கிக்கொண்டது. கார் சாய்வின் நடுவில் ஓர் இஞ்சும் நகராமல் நின்றது. அவர் கையைத் தட்டினார். அத்தனை மாதங்களில் அந்த முகத்தில் நான் அப்படியொரு மகிழ்ச்சியைப் பார்த்ததில்லை.

"இவ்ளோ பாத்துப் பாத்து எந்த மலை மேலண்ணே ஏத்தப் போறீங்க?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

அன்றைக்குத்தான் சொன்னார். அவர்கள் ஆலையில் தகடு அடிக்கிற பிரஸ்கள் ஆளை விழுங்குகிற உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. கதவு வடிவத்துக்கு வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள் தரையில் இருக்கிற வாய் வழியாகக் கீழே ஒரு குழியில் விழும். குழியில் ஓடுகிற பெல்ட் அவற்றை வெளியே கொண்டுபோகும். துண்டுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு, வாயில் அடைத்து, மலையாகக் குவிந்துவிடும். அப்போது ஓர் ஆள் பக்கத்துக் கதவு வழியாகக் குழிக்குள் குனிந்து போய், கொக்கிக் கம்பியால் இழுத்துவிட வேண்டும். அந்த ஆள் இவர். இவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவருக்கு ஒரு பாதம் போய்விட்டது.

"ஆள் உள்ள போனா லைன நிப்பாட்டணும். சுவிச்சப் பூட்டணும். சாவி உள்ள போறவன் பையில இருக்கணும். அதுதான் சட்டம் பாத்துக்கோ. ஆனா லைன் நின்னா இன்சார்ஜ் மேல போயி பதில் சொல்லணும். அதனால, இரு, இரு, அடுத்த செட்டு முடியட்டும்பான். அவசரப்பட்டு நிப்பாட்டும் முன்னாடி போனவன் காலுதான் போச்சு."

"நீங்க?"

"நான் சாவியப் பையில போட்டப் பொறவும் போயி ஸ்டார்ட் பட்டன அமுக்கிப் பாப்பேன். ஓடலைன்னாத்தான் உள்ள போவேன். உனக்காவ லைன் இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கணுமாலேன்னு ஏசுவான். ஏசட்டும்." காரைத் தகட்டிலிருந்து எடுத்துத் துடைத்தார். "மனுசன் என்னத்துக்குத் தங்கச்சி உள்ள போணும்? இது போட்டும். மூக்குல கொக்கியக் கட்டி விடுவேன். ஏறி, இழுத்துட்டு, வரும்."

விளையாட்டுச் சாமான் விற்கிறவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் தன் உடம்புக்குப் பதிலாக அனுப்ப ஓர் உடம்பைத் தேடிக்கொண்டு என் கடைக்கு வந்திருக்கிறார். அந்தப் பெட்டியை வந்த விலைக்கே கொடுத்தேன்.

ஆலை வாசலில் காவலாளி காரை உள்ளே விடவில்லை. கழற்றி, சாப்பாட்டுப் பையில் பாகம் பாகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாராம். முதல் நாள் எல்லோரும் கூடிச் சிரித்தார்கள். கார் இருட்டுக் குழிக்குள் போய், தகட்டுக் குவியலில் ஏறி, அடைத்துக் கிடந்த துண்டைக் கொக்கியால் பிடித்து இழுத்ததும் மொத்தக் குவியலும் கலகலவென்று பெல்ட்டில் விழுந்தது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயில் திருநீறும் ஒரு பெட்டி ஜாங்கிரியும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார். "தலைக்கு வந்தது தலப்பாவோட போற மாதிரி ஒரு ஏற்பாடு" என்றார். அன்று கதவை விட்டுப் பார்க்கக்கூட மறந்துவிட்டார்.

ஆலையில் அவருக்குக் கைசன் பரிசு கொடுத்தார்கள். நல்ல யோசனை சொல்கிற தொழிலாளிக்குக் கொடுக்கிற பரிசு அது. படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நான்கூட அதைக் கைபேசியில் பார்த்துப் பூரித்துப்போனேன்.

பிறகு வந்த வாரங்களில் அவர் பேச்சு குறைந்தது. டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"லைன நிப்பாட்டுறதே இல்ல தங்கச்சி."

"அதான் நல்லதாச்சே. காருதானே உள்ள போவுது."

"காருதான் போவுது. சாவிய இன்சார்ஜ் மேசைக்குள்ள போட்டுட்டான். கேட்டா, பொம்மைக்கு எதுக்குலே சாவிங்கான். முன்ன ஒரு ஷிப்டுல எப்பிடியும் ஒரு மட்டமாவது லைன் நிக்கும். நின்னு பழகியிருந்துச்சு. இப்ப நிக்கிறதையே மறந்துட்டு."

அது எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. அவருக்கும் முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் இருவருக்கும் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று காருக்குக் கயிறு கட்டிப் பார்த்தார். தகட்டு விளிம்பு ஒரே நாளில் அறுத்துவிட்டது. இரும்புக் கம்பி கட்டினார், அது சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சுற்றிலும் இரும்பாக இருப்பதால் குழியின் ஆழத்தில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்றார். ரிமோட்டுக்கு நீளமான ஆன்டெனா போட்டுக் கொடுத்தேன். முன்னைக்குப் பரவாயில்லை என்றார்.

ஆடி மாதத்தில் ஒரு வாரம் அவர் வரவில்லை. மறுபடியும் என்னை விட்டுப் பார்க்கிறார் என்று நினைத்து, இந்த முறை திட்டுவதற்குத் தயாராகக் கூப்பிட்டேன். போனை எடுத்தது அவரோடு தங்கியிருந்த அறைக்காரர். என்ன நடந்தது என்று அவர்தான் சொன்னார்.

கார் குழிக்குள் போய்க் குவியலின் உச்சிக்குக் கிட்டே ஏறியிருக்கிறது. அங்கே சிக்னல் சுத்தமாக அறுந்துவிட்டது. கார் நின்றுவிட்டது. நாங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெட்டி அது, சொன்ன வேலையைச் செய்தது. ஓர் இஞ்சுகூட இறங்காமல் பிடித்துக்கொண்டு நின்றது. என் கால்குலேட்டரில் வந்து மோதிய அந்த உதவாத பெட்டி உள்ளே இருந்திருந்தால், சிக்னல் போனதும் கார் வழுக்கிக்கொண்டு அவர் காலடிக்கே வந்து சேர்ந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது.

அவர் குழிக் கதவில் நின்று வெகுநேரம் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தாராம். சாவி கேட்டிருக்கிறார். "உன் பொம்மைய எடுக்க லைன நிறுத்தணுமா? போய் எடுத்துக்கினு வாய்யா, ஒரு நிமிஷம்" என்றிருக்கிறார் இன்சார்ஜ். போயிருக்கிறார். பூட்டிய சுவிட்சையே நம்பாமல் பட்டனை அமுக்கிப் பார்க்கிற மனிதர், ஓடுகிற லைனுக்கு அடியில் குனிந்து போயிருக்கிறார். காரைப் பிடித்துத் தூக்கியதும் அதன் கொக்கியோடு சிக்கியிருந்த துண்டு இளகி, வாயில் அடைத்துக் கிடந்த தகடு மொத்தமும் அவர் மேல் இறங்கியது. மேலே பிரஸ் அடித்துக்கொண்டே இருந்தது.

எதற்காகப் போனார் என்று எத்தனையோ முறை எனக்குள்ளே கேட்டுவிட்டேன். சில நேரம் அவர் மேலேயே ஆத்திரம் வருகிறது. முழிபிதுங்கி நிற்கிற ஆளைச் சுற்றி நின்று நாலு பேர் சிரித்திருப்பார்கள், தன் பரிசுப் படம் பலகையில் தொங்குகிற இடத்தில் தன் காரே லைனைக் கெடுத்தது என்ற பேச்சு அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அல்லது, எல்லோரையும் போல அவரும் பழகிவிட்டார், அவ்வளவுதான். லைன் நிற்காமல் வேலை நடந்து நடந்து, அது நிற்க வேண்டும் என்பதே விட்டுப்போயிருக்கும். அனுமதி இல்லாமல் போனார் என்று ஆலை எழுதிக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவியைப் பார்த்தேன். போனில் அத்தனை சத்தமாகத் திட்டியவருடைய குரல் நேரில் எழும்பவே இல்லை. நான் யார் என்று அறைக்காரர் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எக்கா, பொம்ம எடுக்கவா உள்ள போனாவ?"

எல்லோரும் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அது பொம்மை இல்லை என்று சொன்னேன். எதற்காக அதைச் செய்தார் என்று சொன்னேன். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். புரிந்ததா என்று தெரியாது. மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் உடம்பை ஏற்றிய வண்டி தென்காசிக்குக் கிளம்பும்வரை நின்றிருந்தேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள், அந்த ஆலையின் சீருடையில் ஓர் ஆள் கடைக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். பிள்ளைப்பாக்கத்துக்காரன்.

"அக்கா, அந்தப் பாறை ஏர்ற காரு ரெண்டு வோணும். அந்த அண்ணனுக்குப் போட்டுக் குடுத்தீங்களே, அதே டப்பா போட்டுக் குடுங்க. பர்ச்சேஸ்ல சொல்லி அனுப்ச்சாங்க."

"யாரு ஓட்டப் போறது?"

"நான்தான்க்கா. இப்ப குழி என் டூட்டி."

"கிடையாது. போ" என்றேன்.

அவன் போகவில்லை. கோபப்படவும் இல்லை. "நீங்க குடுக்கலன்னா கையாலதான்க்கா எடுக்கணும். நேத்துக்கூட உள்ள போய்க்கினுதான் வந்தேன். வூட்ல சொல்லல" என்றான்.

"போறப்ப லைன் நிக்குதா?"

"எங்கக்கா நிக்கிது."

கொடுக்காவிட்டால் இவன் போவான். கொடுத்தால் கார் போகும், லைன் நிற்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குழிதான் இருந்தது. அலமாரியைத் திறந்து அதே பெட்டியில் இரண்டை எடுத்தேன். பற்றவைத்து, மாட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுக்க மதியம் ஆகிவிட்டது. அவன் பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.

பையைக் கையில் கொடுக்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னேன். "தோ பாரு. இது உள்ள போய் நின்னுடும். ஒருநா இல்ல ஒருநா நிக்கும். நின்னா நீ போவாத. அங்கயே கெடக்கட்டும்னு வுட்டுட்டு வா. எங்கிட்ட வந்து கேளு, காசில்லாம வேற தரேன். புரியிதா?"

அவன் சங்கடமாகச் சிரித்தான்.

"அந்த அண்ணனுது அவர் சொந்தக் காரு அக்கா. இது கம்பெனி ஐட்டம். வுட்டுட்டுலாம் வர முடியாது."

பையை வாங்கிக்கொண்டு, ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்க மழையில் ஓடினான்.